இவ்வளவு பி.பி.யோடு ஆபரேஷன் செய்யலாமா, டாக்டர்?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் மகளுக்கு 26 வயது, தலைச்சன் பிரசவம், 32 வாரம் ஆகிறது. காலும் முகமும் வீங்கி, தலைவலிக்கிறது என்றாள். செக்கப்புக்குக் கூட்டிப்போனால், பி.பி. 170/110, யூரினில் உப்பு மூன்று பிளஸ் என்று சொல்லி, 108 ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றோடு மூன்று நாள். குழந்தை 1.3 கிலோதானாம், கொடியில் ரத்த ஓட்டம் குறைவாம். எந்த நேரமும் எடுக்க வேண்டி வரலாம், அநேகமாக சிசேரியன்தான் என்கிறார்கள். இவ்வளவு பி.பி.யோடு வயிற்றைக் கிழித்தால் தாங்குவாளா? எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் இப்படித்தான் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் போய்விட்டாள். ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்று சம்பந்தியம்மா அழுகிறார். மாத்திரை கொடுத்துப் பத்தாம் மாதம் வரை இழுக்க முடியாதா? ஆபரேஷன்தான் என்றால், வரும் வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்று வைத்துக்கொள்ளச் சொல்லலாமா? வார்டுக்கு வெளியே பாயைப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

— ஒரு தாய், திருவாரூர் மாவட்டம்

பதில்:

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். யார் என்ன சொன்னாலும் மகளை அந்த வார்டை விட்டுக் கிளப்பாதீர்கள், எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள் என்று. அது அவசரத்துக்கு எழுதியது. இப்போது நிதானமாக எழுதுகிறேன். இதே பயத்தோடு எத்தனையோ அம்மாக்கள் வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்து.

முதலில் அந்த 'உப்பு'. யூரினில் அல்புமின் வந்தால் நம் ஊரில் அதை உப்பு என்றுதான் சொல்கிறோம். மருத்துவமனையிலேயே அப்படிச் சொல்லிப் பழகிவிட்டது. அது உப்பே இல்லை, புரதம். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் ஒழுகுகிறது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உப்பு என்று காதில் விழுந்ததும் வீட்டில் சாப்பாட்டில் உப்பை நிறுத்துவார்கள். 'ஊறுகாய் தின்னாதேன்னு சொன்னேனே, கேட்டியா?' என்று வயிற்றுப்பிள்ளைக்காரியைத் திட்டுவார்கள். உங்கள் மகள் எதையும் தின்றதால் இது வரவில்லை. உப்பில்லாமல் சாப்பிட்டாலும் போகாது.

இந்த நோய்க்கு ப்ரீஎக்லாம்சியா என்று பெயர். 20 வாரத்துக்குப் பிறகு பி.பி. ஏறுவதும் யூரினில் புரதம் போவதும் இதன் அடையாளம். மேல் அளவு 160, கீழ் அளவு 110, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்டாலே தீவிர நிலை என்போம். உங்கள் மகள் இரண்டையும் தொட்டிருக்கிறாள், தலைவலியும் இருக்கிறது. கோளாறு தொடங்குவது நஞ்சுக்கொடியில். கர்ப்பப்பைச் சுவரில் உள்ள தாயின் ரத்தக்குழாய்கள் கர்ப்பத்தின் முதல் பாதியில் நன்றாக விரிந்துகொடுக்க வேண்டும். சிலருக்கு விரிவதில்லை. ரத்தம் போதாமல் தவிக்கும் நஞ்சுக்கொடி சில பொருட்களைத் தாயின் ரத்தத்தில் விடுகிறது. அவை போகிற இடமெல்லாம் ரத்தக்குழாய்களின் உள்பூச்சைக் கெடுக்கின்றன. மூளைக்குப் போனால் தலைவலி, பார்வை மங்கல், கடைசியில் ஜன்னி, அதாவது வலிப்பு. கல்லீரலுக்குப் போனால் நெஞ்சுக்குழியில் வலி. அதை வாயுத் தொல்லை என்று நினைத்துப் பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுத்துவிட்டு நேரத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் முன்னோர் இந்தக் கொடிக்கு ஏன் நஞ்சு என்று பெயர் வைத்தார்களோ தெரியாது, இந்த நோயில் அது அப்படியேதான் நடந்துகொள்கிறது.

அதனால்தான் நோய் தீர ஒரே வழி, நஞ்சுக்கொடி வெளியே வருவது. பி.பி. மாத்திரை நோயைக் குணப்படுத்தாது. மூளையில் ரத்தக்குழாய் வெடிக்காமல் காப்பாற்றி, நமக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கிக் கொடுக்கும். அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். இந்த நோய்க்கு மருந்து பிரசவம், சிசேரியன் அல்ல. நஞ்சுக்கொடி எந்த வழியாக வந்தாலும் நோய் இறங்கத்தான் போகிறது. பி.பி. அதிகம் என்பதற்காக மட்டும் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. கர்ப்பப்பை வாய் கனிந்திருந்து, குழந்தையின் தலை கீழே இருந்து, அதன் இதயத்துடிப்பும் நன்றாக இருந்தால், தீவிர நிலையிலும் மருந்து வைத்து வலி வரவழைத்துச் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம். தாய்க்கு அதுதான் நல்லது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் சுமார் 64. இப்படி இருக்கும்போது, ஆபரேஷன் என்றதும் 'உண்மையிலேயே தேவையா?' என்று நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை. தாராளமாகக் கேளுங்கள்.

ஆனால் உங்கள் மகள் விஷயத்தில் ஏன் சிசேரியன் என்கிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. 32 வாரத்தில் கர்ப்பப்பை வாய் பெரும்பாலும் இறுகித்தான் இருக்கும். மருந்து வைத்தாலும் வலி பிடித்துப் பிரசவம் ஆக ஒன்று, இரண்டு நாள்கூட இழுக்கலாம். ஒவ்வொரு வலி வரும்போதும் கர்ப்பப்பை இறுகும், அந்த நேரம் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். வளர்ந்த, திடமான குழந்தை அதைத் தாங்கும். ஏற்கெனவே தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் குறைந்து, வாரத்துக்கேற்ற எடையில்லாத குழந்தை பல மணி நேரம் தாங்குவது கஷ்டம். டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் வெறுமனே குறைந்திருக்கிறதா, துடிப்புகளுக்கு நடுவே நின்றுபோகிறதா, திரும்பி ஓடுகிறதா என்று கேளுங்கள். நின்றுபோனால் கவலை. திரும்பி ஓடினால் நாளைக் கடத்தவே கூடாது.

சரி, உங்கள் முக்கியமான கேள்வி. இவ்வளவு பி.பி.யோடு ஆபரேஷன் ஆபத்தா? ஆமாம் அம்மா, சாதாரண சிசேரியனைவிட ஆபத்து அதிகம். மறைத்துப் பேசி உங்களைத் தேற்ற எனக்கு மனமில்லை. ஆனால் என்ன ஆபத்து என்று தெரிந்தால், அவர்கள் அங்கே செய்யும் ஒவ்வொரு காரியமும் எதற்கு என்று உங்களுக்கே விளங்கும்.

முதல் பயம் ரத்தப்போக்கு. இந்த நோயில் பிளேட்லெட் எனும் ரத்தம் உறைய வைக்கும் அணுக்கள் குறையலாம். ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் நாங்கள் உஷாராகிவிடுவோம். கல்லீரலும் கெட்டு, சிவப்பணுக்களும் உடைந்தால் அதற்கு ஹெல்ப் சிண்ட்ரோம் என்று பெயர். அந்த நிலையில் தைத்த இடமெல்லாம் கசியும். அதனால்தான் தினமும் ரத்தம் எடுக்கிறார்கள். 'பிள்ளைக்கு ரத்தமே இல்லை, இவர்கள் வேறு தினமும் உறிஞ்சுகிறார்கள்' என்று சண்டைக்குப் போகாதீர்கள். ரத்தம் கொடுக்க சொந்தக்காரர்களில் இரண்டு பேரைத் தயாராக வையுங்கள். இன்னொன்று. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்த வழக்கமாகப் போடும் ஊசிகளில் மெத்தர்ஜின் ஒன்று. அது பி.பி.யைச் சட்டென்று ஏற்றிவிடும் என்பதால் இவர்களுக்குப் போட மாட்டோம். கையில் ஒரு ஆயுதம் குறைவு, அதனால் மற்ற ஏற்பாடுகள் பலமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது மயக்க மருந்து. உங்கள் சொந்தக்காரப் பெண்ணின் கதையைக் கேட்டதிலிருந்து உங்களுக்கு இதில்தான் பயம் என்று நினைக்கிறேன். முழு மயக்கம் கொடுத்தால் தொண்டையில் குழாய் போட வேண்டும். காலில் தெரியும் வீக்கம் இவர்களுக்குத் தொண்டைக்குள்ளும் இருக்கும், குழாய் எளிதில் இறங்காது. குழாய் இறக்கும் அந்த நிமிடத்தில் பி.பி. எகிறி மூளையில் ரத்தக்கசிவு வரவும் கூடும். ஆகவே பிளேட்லெட் 70,000, 80,000க்கு மேல் இருந்தால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைப்பதுதான் எங்கள் விருப்பம். வீங்கிய முதுகில் விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் விழும், எலும்பின் இடைவெளி தட்டுப்படாது. மயக்க மருத்துவர் பொறுமையாகத் தடவித் தடவித் தேடுவார். அந்த நேரம் மகள் அசையாமல் குனிந்து உட்கார்ந்து கொடுப்பது பெரிய உதவி. முன்கூட்டியே அவளிடம் சொல்லி வையுங்கள். முதுகு ஊசி போட்டால் காலமெல்லாம் இடுப்புவலி என்று அக்கம்பக்கத்தில் சொல்வதைக் கேட்டு வேண்டாம் என்று அடம்பிடிக்க வேண்டாம்.

மூன்றாவது, நுரையீரலில் நீர் கோப்பது. ரத்தக்குழாய்கள் ஒழுகுவதால் உள்ளே போகும் நீர் ரத்தத்தில் நிற்பதில்லை, உடம்பில் பரவிவிடுகிறது. யூரின் குறைவாகப் போவதைப் பார்த்துவிட்டு 'குளுக்கோஸ் ஏற்றுங்கள்' என்று உறவினர்கள் கெஞ்சுவார்கள். பாட்டில் பாட்டிலாக இளநீர் வரும். அளவுக்கு மீறிய நீர் நேராக நுரையீரலுக்குப் போய் மூச்சை முட்டும். டிரிப், மருந்து எல்லாம் சேர்த்து மணிக்கு சுமார் 80 மில்லியோடு நிறுத்துவதெல்லாம் இதற்காகத்தான். படுக்கையில் தொங்கும் யூரின் பையை மணிக்கு மணி அளந்து எழுதுவார்கள். அந்தப் பை நிரம்புகிறதா என்று பார்ப்பது எங்களுக்கு முகத்தைப் பார்ப்பதைவிட முக்கியம்.

புண்ணில் சீழ் பிடிப்பதும் காலில் ரத்தக்கட்டு வருவதும் எந்த சிசேரியனிலும் உண்டு, இவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். ஆபரேஷன் முடிந்து, நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் எழுப்பி நடக்க விடுங்கள். பச்சை உடம்பு, அசையக்கூடாது என்று பிடித்து வைக்காதீர்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு நடுங்காதீர்கள். இந்த ஆபத்துகளில் பாதிக்கு மேல் கத்தியால் வருவதில்லை, நோயால் வருவது. ஆபரேஷன் செய்யாமல் வைத்திருந்தாலும் ஜன்னியும் மூளையில் கசிவும் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து உள்ளுக்குள் ரத்தம் கொட்டுவதும் வரத்தான் செய்யும். என் முப்பது வருட அனுபவத்தில், தாயைக் காப்பாற்றுவது தியேட்டருக்குள் போவதற்கு முன் நடக்கும் வேலைதான். பி.பி. இறங்காமல், ஜன்னி மருந்து ஏறாமல், அவசரத்தில் தூக்கிக்கொண்டு ஓடி டேபிளில் படுக்க வைப்பதுதான் ஆபத்து. லேபெட்டலால் ஊசியோ நிஃபெடிபின் மாத்திரையோ கொடுத்து முதலில் பி.பி.யை 160க்குக் கீழே கொண்டுவருவார்கள். சடாரென்று சாதாரண அளவுக்கும் இறக்க மாட்டார்கள், குழந்தைக்கு ரத்தம் போகாது.

ஜன்னி வராமல் இருக்கத்தான் மக்னீசியம் சல்பேட். இது விலை மலிந்த பழைய மருந்து. 33 நாடுகளில் சுமார் 10,000 கர்ப்பிணிகளை வைத்து நடந்த மேக்பை ஆய்வு 2002இல் வெளிவந்தது. இந்த மருந்து ஜன்னி வரும் ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று அதில் சந்தேகமில்லாமல் தெரிந்தது. உங்கள் மகளுக்கு இடுப்பில் இரு பக்கமும் போட்டிருந்தால், அந்த வலிக்கும் ஊசி இதுவாகத்தான் இருக்கும். நரம்பில் ஏறும்போது உடம்பெல்லாம் நெருப்பாகக் காந்தும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அதன் பிறகு நர்ஸ் வந்து சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்ப்பார். கால் துள்ள வேண்டும். துள்ளவில்லை என்றால் மருந்து உடம்பில் அதிகமாகத் தங்கிவிட்டது, அடுத்த டோஸைப் போடக்கூடாது என்று அர்த்தம். மூச்சின் எண்ணிக்கையையும் யூரினையும் சேர்த்துப் பார்ப்பார்கள். மாற்று மருந்தான கால்சியம் குளுகோனேட் பக்கத்திலேயே இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பித் தட்டினாலும் கோபப்படாதீர்கள் அம்மா. அந்தத் தட்டு மகளின் மூச்சுக்குக் காவல்.

இனி குழந்தை. ஏழு பிழைக்கும் எட்டு தங்காது என்பது உங்கள் சம்பந்தியம்மா மட்டும் சொல்வதில்லை, தமிழ்நாடு முழுக்கக் கேட்கிறேன். அது உண்மையில்லை என்று அவரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். எட்டாம் மாதக் குழந்தையின் நுரையீரல் ஏழாம் மாதக் குழந்தையினுடையதைவிட முதிர்ந்தது. நல்ல பராமரிப்பு உள்ள இடத்தில் 32 வாரத்துக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவை பிழைத்து வளர்கின்றன. உங்கள் பேரக்குழந்தைக்கு உள்ள சிக்கல் மாதக் கணக்கில் இல்லை. சாப்பாடு சரியாகக் கிடைக்காமல் மெலிந்திருக்கிறது, அதுதான் சிக்கல். வெளியே வந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், உடம்பு குளிர்ந்துபோகலாம், பிளேட்லெட் குறைவாக இருக்கலாம்.

சிசேரியனால் குழந்தைக்குக் கூடுதலாக வரும் சிக்கல் மூச்சு. வலி வந்து பிறக்கும் குழந்தையின் நுரையீரலில் உள்ள நீர் பெரும்பாலும் வலி நேரத்திலேயே வடிந்துவிடும். வலியே வராமல் எடுக்கும் குழந்தைக்கு அது தங்கி, மூச்சு வாங்கும். குறைமாதத்தால் நுரையீரல் முதிராமல் இருப்பதும் சேர்ந்தால் இயந்திரத்தின் உதவி தேவைப்படலாம். இதைத் தடுக்கத்தான் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி. டெக்ஸாமெத்தசோன் என்றால் 12 மணிக்கு ஒருமுறை நான்கு ஊசி, பீட்டாமெத்தசோன் என்றால் 24 மணி இடைவெளியில் இரண்டு. நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இருவர் 1972இல் இதை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்க எத்தனை குறைமாதக் குழந்தைகள் மூச்சு விட்டிருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறையும். ஊசிகள் முழுசாகப் போட்டு 24 மணி நேரம் கிடைத்தால் முழுப் பலன். மூன்று நாள் ஆகிவிட்டதே, அதுவே உங்கள் குழந்தைக்குப் பெரிய லாபம்.

பத்தாம் மாதம் வரை இழுப்பது நடக்காது. 34 வாரத்துக்கு முன்னால் இப்படி வருகிறவர்களைப் பெரிய மருத்துவமனையில் கண்காணிப்பில் வைத்துக் கடத்திப் பார்ப்போம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம்தான் கிடைக்கும், அந்த நாட்களும் குழந்தைக்கு நல்லதுதான். ஆனால் மருந்துக்கு பி.பி. அடங்காவிட்டால், தலைவலி விடாவிட்டால், கண் மங்கினால், பிளேட்லெட் சரிந்தால், குழந்தையின் துடிப்பு தடுமாறினால் அன்றைக்கே எடுக்க வேண்டும். 34 தாண்டினால் காத்திருப்பதில் லாபமில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை பேச்சை விட்டுவிடுங்கள். எனக்கும் சாமி நம்பிக்கை உண்டு. தேதி குறித்துச் செய்யும் சாதாரண சிசேரியனுக்கு ராகுகாலம் பார்த்து ஒரு மணி நேரம் தள்ளிவைக்கச் சொன்னால் நானே சம்மதித்திருக்கிறேன். இந்த நோய் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. பி.பி. அடங்கி, ரத்தம் தயாராகி, பச்சிளங்குழந்தை வார்டில் இடம் இருக்கும் நேரம்தான் உங்கள் மகளுக்கு நல்ல நேரம்.

குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குப் போனதும் பால் வராது என்று முடிவு கட்டாதீர்கள். சீம்பாலைச் சில சொட்டுகள் பீய்ச்சிக் கொடுத்தாலும் போதும், குழாய் வழியாகவோ பாலாடையிலோ ஊட்டுவார்கள். பி.பி. மருந்து சாப்பிடுகிறாள், பால் விஷம் என்று யாராவது சொல்வார்கள். லேபெட்டலால், நிஃபெடிபின், எனலாப்ரில் எல்லாம் பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய மருந்துகள்தான். குழந்தை நிலைப்பட்டதும் நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து வைத்துக்கொள்ளும் கங்காரு முறையைச் சொல்லித்தருவார்கள். மகள் படுத்திருந்தால் நீங்களும் மருமகனும் அதைச் செய்யலாம். அப்புறம், கண் பரிசோதனை. குறைமாதக் குழந்தைக்கு விழித்திரை பாதிக்கலாம், வெளியே ஒன்றும் தெரியாது. முப்பதாம் நாளுக்குள் பார்த்தே ஆக வேண்டும்.

கடைசியாக, உங்கள் சொந்தத்தில் இறந்துபோன அந்தப் பெண். அவளுக்கு என்ன நடந்தது என்று பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஆனால் மூன்றாம் நாள் என்று எழுதியிருந்தீர்கள், அது என் மனதில் தைத்தது. நஞ்சுக்கொடி வந்ததும் நோய் அன்றே போய்விடுவதில்லை. பி.பி. ஒன்றிரண்டு நாள் இறங்கி, மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் திரும்ப ஏறும். பிரசவத்துக்குப் பிறகும் ஜன்னி வரும். எத்தனையோ குடும்பங்கள் பிரசவம் ஆகிவிட்டது, குழந்தையும் நன்றாக இருக்கிறது என்று மூச்சு விடும் நேரத்தில்தான் அது வருகிறது. பழி ஆபரேஷன் மேல் விழுகிறது. மக்னீசியம் பிரசவத்துக்குப் பின் 24 மணி நேரம் தொடர வேண்டும். தையல் ஆறிவிட்டது என்று சீக்கிரம் வீட்டுக்குக் கேட்காதீர்கள். வந்த பிறகும் ஒரு பி.பி. மெஷின் வாங்கி இரண்டு வேளையும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஆறு வாரம் கழித்தும் இறங்காவிட்டால் பொது மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த நோய் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் ரத்தக்கொதிப்பும் இதய நோயும் மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன, வருடம் ஒருமுறை பி.பி. பார்த்துக்கொள்வது அவளுக்கு ஆயுசுக்கும் தேவை.

அடுத்த குழந்தையைப் பற்றி இப்போது யாரும் பேச வேண்டாம். அந்த நாள் வரும்போது, 12 வாரத்திலேயே டாக்டரைப் பார்த்து, 'முதல் பிரசவத்தில் இப்படி ஆனது' என்று டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்ட வேண்டும். 16 வாரத்துக்குள் சிறிய அளவு ஆஸ்பிரின் தொடங்கினால் திரும்ப வரும் வாய்ப்பு குறையும். இவ்வளவு சீக்கிரத்தில் சிசேரியன் செய்யும்போது சில சமயம் கர்ப்பப்பையை நெடுக்காக வெட்ட வேண்டி வரும். அப்படி வெட்டியிருந்தால் அடுத்த முறை வலி வரும்வரை காத்திருக்கவே கூடாது. ஆகவே எப்படி வெட்டினார்கள் என்று அந்தச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ராத்திரி மகள் தலைவலிக்கிறது என்றாலோ, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாலோ, தைலம் தேய்த்துத் தூங்க வைக்காதீர்கள். பி.பி. பாருங்கள். 160ஐத் தொட்டிருந்தால், மணி எத்தனையானாலும் 108ஐக் கூப்பிட்டு, போன் எடுத்ததும் 'பிரசவமாகி இத்தனை நாள், பி.பி. இவ்வளவு' என்று சொல்லுங்கள்.